மூச்சோடு போகும் மருந்துப்பொடி: வழியைக் கணக்கிடும் கணினி

வேங்கிக்கால் மருந்துக்கடையில் வீசிங் உள்ள ஒருவர் வாங்கும் ரோட்டாகேப் குளிகைக்குள் இருப்பது ஒரு சிட்டிகைப் பொடி. அதிலும் பெரும்பகுதி மருந்தல்ல. லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை. அந்தப் பொடி குளிகையிலிருந்து கிளம்பி நுரையீரலுக்குப் போகும் வழியில் எங்கே சிக்குகிறது, எவ்வளவு தப்பிப் போகிறது என்பதை இன்று கணினியில் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள்.

இது சிலருக்கு மட்டுமான கவலையல்ல. 2016-ல் இந்தியாவில் சுமார் 3.8 கோடிப் பேருக்கு ஆஸ்துமாவும், 5.5 கோடிப் பேருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் இருந்ததாக லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் 2018-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

பொடி ஏன் ஒட்டிக்கொள்கிறது?

மருந்துத் துகள் 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருந்தால்தான் சிறு மூச்சுக்குழல்கள்வரை போகும். பெரிதாக இருந்தால் தொண்டையில் மோதித் தங்கிவிடும். ஆனால் இவ்வளவு நுண்ணிய துகள்கள் தனித்தனியே நிற்பதில்லை. விட்டம் பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஒட்டும் விசையோ பத்தில் ஒன்றாக மட்டுமே குறையும். கோலமாவு விரலிடுக்கில் தாராளமாக இறங்க, திருநீறு விரலிலேயே ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

ஆகவே மருந்தைப் பெரிய லாக்டோஸ் துகள்களின் மேல் ஒட்டவைத்துக் குளிகையில் நிரப்புகிறார்கள். நோயாளி குளிகையை இன்ஹேலர் கருவியில் போட்டு மூச்சை இழுக்கும்போது மருந்து லாக்டோஸிலிருந்து கழன்றாக வேண்டும். கழலாதது வாயிலும் தொண்டையிலும் படிந்து வயிற்றுக்குப் போய்விடும்.

கணினி என்ன செய்கிறது?

பீட்டர் கண்டல், ஓட்டோ ஸ்ட்ராக் இருவரும் மண் போன்ற துகள் குவியல்களை ஆராய 1979-ல் வெளியிட்ட கணக்குமுறைதான் இதற்கு அடிப்படை. ஒவ்வொரு துகளும் எதில் மோதுகிறது, அதன்மேல் என்ன விசை விழுகிறது, அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று நியூட்டன் விதிப்படி ஒவ்வொன்றாகக் கணக்கிடுவார்கள். கருவிக்குள் காற்று சுழலும் விதத்தைத் தனிச் சமன்பாடுகள் தரும். இரண்டையும் இணைத்தால் பொடி பறக்கும் பாதை தெரியும்.

வேலை லேசானதல்ல. 200 மைக்ரோகிராம் மருந்து 3 மைக்ரான் துகள்களாக இருந்தால், எண்ணிக்கை ஒரு கோடியை நெருங்கும். மோதல்களோ நொடியின் மிகச் சிறு பங்கில் முடிந்துவிடும். அதனால் பெரும்பாலும் பொடியின் ஒரு பகுதியை மட்டுமே கணக்கிட்டு, விடையை ஆய்வகச் சோதனையோடு ஒப்பிடுகிறார்கள்.

பலன் உண்டு. சிட்னி பல்கலைக்கழகக் குழு 2004-ல் ஏரோலைசர் என்ற கருவிக்குள் காற்றோட்டத்தைக் கணினியில் ஆராய்ந்தது. உள்ளே இருக்கும் வலையின் திறப்பைக் கூட்டியபோது, காற்றின் சுழற்சி கூடி, கருவியின் வாய்ப்பகுதியில் தங்கிவிடும் பொடியும் அதிகமானது. இப்படிப்பட்ட விடை, அச்சு வார்ப்பதற்கு முன்பே கருவியின் வடிவத்தைத் திருத்த உதவுகிறது.

நுரையீரலுக்குள் துகள் நகரும் விதத்தைத் தமிழ்நாட்டிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னை ஐஐடியும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் மூச்சுக்குழல் அளவுள்ள நுண்குழாய்களில் ஒளிரும் துகள்களைச் செலுத்திப் பார்த்தன. நிமிடத்துக்கு விடும் மூச்சுகளின் எண்ணிக்கை குறைந்தால் துகள்கள் உள்ளே அதிகம் படிகின்றன என்று 2020-ல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. பொடி இழுத்தபின் மூச்சை அடக்கச் சொல்வதிலும் இதே நியாயம்தான்: துகள் படிய நேரம் வேண்டும்.

நம் பங்கு

ஸ்ப்ரே இன்ஹேலரில் அழுத்தப்பட்ட வாயு மருந்தைத் தள்ளும். பொடிக் கருவியில் அந்த விசை நோயாளியின் மூச்சிலிருந்தே வர வேண்டும். கருவி எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும், மெல்ல இழுத்தால் மருந்து லாக்டோஸை விட்டுச் சரியாகக் கழலாது. ஆகவே முதலில் கருவியை விலக்கி மூச்சை வெளியே விடுங்கள். பிறகு உதடுகளால் இறுகப் பற்றி, வேகமாக, ஆழமாக இழுங்கள். பத்து நொடி மூச்சை அடக்குங்கள். ஸ்டீராய்டு மருந்தானால் வாய் கொப்பளியுங்கள். ஈரம் பட்ட பொடி கட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளிகைகளை இறுக மூடி வையுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது கருவியைக் கையோடு கொண்டுபோய், மருத்துவர் முன் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.