தீட்டிய அரிசியில் தொலையும் மெக்னீசியம்

வளர்ந்த மனித உடலில் ஏறக்குறைய 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில். மீதி பெரும்பாலும் தசையிலும் மற்ற திசுக்களிலும். இரத்தத்தின் சீரத்தில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்த அளவு இறங்கினால் எலும்பிலிருந்து எடுத்து உடல் ஈடுகட்டிவிடும். சிறுநீரகமும் வெளியேற்றுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே இரத்தப் பரிசோதனை ‘சரியாக இருக்கிறது’ என்று சொன்னாலும் உடலின் கையிருப்பு குறைந்திருக்கக்கூடும்.

இன்சுலினோடு உள்ள உறவு

உயிரணுக்கள் ஆற்றலுக்குச் செலவிடும் ஏ.டி.பி. மூலக்கூறு மெக்னீசியத்தோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். இந்தத் தாதுவை நம்பியிருக்கும் நொதிகள் 300-க்கும் மேல். இன்சுலின் ஏற்பியில் உள்ள நொதியும் அவற்றில் ஒன்று. இன்சுலின் வந்து ஒட்டியதும், சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்படி உயிரணுவுக்குள் செய்தி கடத்துவது அதுதான். மெக்னீசியம் குறைந்தால் செய்தி மங்கும். அதே வேலைக்குக் கணையம் கூடுதல் இன்சுலின் சுரக்க வேண்டிவரும்.

இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும், அதோடு மெக்னீசியமும் போகும். குறைபாடு சர்க்கரையை ஏற்றுகிறது. ஏறிய சர்க்கரை குறைபாட்டை வளர்க்கிறது. பல நாடுகளில் மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உணவில் நாளொன்றுக்கு 100 மி.கி. மெக்னீசியம் கூடுதலாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம் குறைந்திருந்தது. மெக்னீசியம் நிறைந்த உணவில் நார்ச்சத்தும் நிறைந்திருக்கும் என்பதால், பலன் முழுவதையும் இந்த ஒரு தாதுவின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இரத்தக் குழாய்

குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைந்தால் தசை சுருங்கும். அந்த நுழைவை மெக்னீசியம் மட்டுப்படுத்துகிறது. குழாய் தளர்ந்து விரிகிறது. 34 சோதனைகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 368 மி.கி. வீதம் மூன்று மாதம் மாத்திரையாக எடுத்தவர்களுக்கு மேல் இரத்த அழுத்தம் 2 புள்ளி அளவே இறங்கியது. மருத்துவர் எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்புவது ஆபத்து.

தேவையும் தட்டும்

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்த அன்றாட அளவு ஆண்களுக்கு 440 மி.கி., பெண்களுக்கு 370 மி.கி. நம் தட்டில் பெரும்பங்கு வெள்ளைச் சோறு. நெல்லின் மெக்னீசியம் தவிட்டிலும் முளையிலும்தான் அதிகம். தீட்டும்போது இரண்டும் போய்விடுகின்றன. தீட்டிய பச்சரிசி 100 கிராமில் மிஞ்சுவது 20 மி.கி. அளவே, தீட்டாத அரிசியில் நான்கைந்து மடங்கு. கேழ்வரகு, கம்பு, சோளத்தில் 120 முதல் 150 மி.கி. வரை உண்டு. அரிசியில் மிஞ்சியதிலும் ஒரு பகுதி வடிகஞ்சியோடு போகிறது. கீரையை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துக் கொட்டினாலும் இதே இழப்புதான்.

ஒரு வேளைச் சோற்றுக்குப் பதில் கம்பங்கூழோ கேழ்வரகுக் களியோ, மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ வேர்க்கடலையோ, வாரத்தில் சில நாள் முருங்கைக்கீரையோ சேர்த்தாலே கணக்கு நன்றாக உயரும். எள், பாதாம், பூசணி விதை ஆகியவற்றில் சிறிதளவிலேயே நிறைய உண்டு. தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டேட் இத்தாதுவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் ஆகியவை அந்தப் பிடியைத் தளர்த்தும். கடின நீரில் கிடைக்கும் சிறு பங்கும் ஆர்.ஓ. வடிகட்டியில் நீங்கிவிடுகிறது.

மாத்திரை யாருக்கு?

நீண்டநாள் வயிற்றுப்போக்கு, மிகுதியான மதுப்பழக்கம், சிலவகை நீர்பிரி மாத்திரைகள், நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் எடுக்கும் ஒமிப்ரசோல் போன்றவை மெக்னீசியத்தைக் குறைக்கும். இந்நிலையில் இருப்பவர்களுக்கு மருத்துவர் பரிசோதித்து மாத்திரை தரலாம். மற்றவர்கள் விளம்பரத்தைப் பார்த்து வாங்கி விழுங்க வேண்டியதில்லை. அளவு மிஞ்சினால் வயிறு கலங்கிப் பேதியாகும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இது இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். மெக்னீசியம் கலந்த, அமிலத்தைத் தணிக்கும் மருந்தும் பேதி மருந்தும் அவர்களுக்கு இதே அபாயத்தைத் தரும். தைராய்டு மாத்திரையையும் சிப்ரோஃப்ளோக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளையும் குடல் ஈர்ப்பதை மெக்னீசியம் தடுக்கும் என்பதால், அவற்றுக்கும் மெக்னீசிய மாத்திரைக்கும் இடையே சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.