பூனைக்கு இனிப்பே தெரியாது, தெரியுமா?

பாயசக் கிண்ணத்தை உங்கள் பூனை வழித்து நக்குகிறதா? இனிப்புக்காகத்தான் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! பூனையின் நாக்குக்கு இனிப்பு என்ற ஒன்று தெரியவே தெரியாது. இனிப்பை உணரவைக்கும் மரபணு அதற்குப் பழுதாகிக் கிடக்கிறது என்பதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் இதே கதைதான். பிறகு எதற்கு நக்குகிறது? பாலிலும் நெய்யிலும் இருக்கிற கொழுப்பு இழுக்கிறது. அந்தப் பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிப்பதில்லை. மறுநாள் வயிற்றுப்போக்கோடு கால்நடை டாக்டர்களான எங்களிடம்தான் வந்து நிற்கும்.

சரி, தயிர்சாதம்? “எங்க வீட்டுப் பூனை சுத்த சைவம் டாக்டர்” என்று பெருமையாகச் சொல்வார்கள். பல்லி, எலி, பக்கத்து வீட்டு மீன் தலை என்று அது ரகசியமாக ஈடுகட்டிக்கொண்டிருப்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது! ஃபிளாட்டில் அடைபட்ட பூனைக்கு அந்த வழியும் இல்லை. டாரின் என்ற சத்தை நாமும் நாயும் பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்கிறோம். பூனையால் போதுமான அளவுக்கு முடியாது, சாப்பாட்டில் வந்தாக வேண்டும். இறைச்சியிலும் மீனிலும் உண்டு, அரிசியிலும் பருப்பிலும் இல்லை. குறைந்தால் கண் போகும், இதயம் ஊதித் தளர்ந்துபோகும். காரணம் புரியாமல் பூனைகளைக் கொன்றுகொண்டிருந்த அந்த இதய நோய், டாரின் கொடுத்தாலே தேறுகிறது என்று 1987-இல் கலிஃபோர்னியாவில் நிரூபித்தார்கள். அதற்கப்புறம்தான் கடையில் விற்கும் பூனை உணவில் டாரினைக் கூட்டினார்கள்.

“உடம்பு கொதிக்குது டாக்டர், அரை மாத்திரை பாராசிட்டமால்தான் கொடுத்தேன்.” இதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். உங்கள் கைக்குத்தான் அது கொதிப்பு, பூனைக்குக் காய்ச்சலே இல்லாமல் இருக்கலாம்! நமக்கு 98.6 டிகிரி என்றால், நாய்க்கும் பூனைக்கும் 101, 102 பாரன்ஹீட் சகஜம். மாத்திரையோ பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்ற நம் கல்லீரலில் இருக்கும் நொதி பூனையிடம் மிகக் குறைவு. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு பழுப்பேறியிருக்கும். முகமும் பாதங்களும் வீங்கியிருக்கும். சிரிஞ்சில் எடுத்த ரத்தம் காபி டிகாஷன் மாதிரி இருக்கும். பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி அதற்குப் போய்விட்டது. மனிதர்களுக்கு இதே மாத்திரை அளவு மீறினால் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன்தான் இதற்கும் முறிமருந்து. சீக்கிரம் கொண்டுவந்தால் காப்பாற்றலாம். ஒரு பூனையைக் கொல்ல ஒரே ஒரு மாத்திரை போதும்!

நாய்க்கு வியர்க்குமா? வியர்க்கும், உள்ளங்காலில்! பயந்துபோன நாயை ஸ்டீல் மேசையிலிருந்து இறக்கியதும் பாருங்கள்: நாலு பாதத்தின் ஈரத்தடமும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். ஆனால் உடம்புச் சூட்டைத் தணிக்க அந்த வியர்வை எந்த மூலைக்கு? நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்தே அது சமாளிக்கிறது. மூக்கு சப்பையான பக் நாய்க்கு அதுவும் சரியாக முடியாது. கத்திரி வெயிலில் மதியம் ஒரு மணிக்குப் பக்கைச் சங்கிலி கட்டி நடக்க அழைத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் இளைக்கிறது.

நாயின் ஒரு வருடம் நமக்கு ஏழு வருடம், இதுதானே கணக்கு? தூக்கிப் போடுங்கள்! நூற்றுக்கும் மேற்பட்ட லாப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.வில் வயது விட்டுச்சென்ற மாற்றங்களை ஆராய்ந்து 2020-இல் புதுக்கணக்கு ஒன்று வெளியிட்டார்கள். அதன்படி ஒரு வயது நாய் நம்மில் முப்பதைத் தொட்ட ஆள்! நாலு வயதில் ஐம்பதைத் தாண்டிவிடும். அப்புறம் வேகம் குறைந்து, பன்னிரண்டில் எழுபதுக்கு வரும். ஆக, நீங்கள் ‘குட்டி’ என்று கொஞ்சுவது கல்யாண வயதைத் தாண்டிய ஒருவரை.

முயலுக்கு வாந்தி வராது, தெரியுமா? எடுக்கவே முடியாது. அதனால்தான் ஆபரேஷனுக்கு நாயையும் பூனையையும் வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொல்லும் நாங்கள், முயலை மட்டும் சாப்பிடவைத்தே அழைத்து வரச் சொல்கிறோம். அரைநாள் சாப்பிடாவிட்டாலே அதன் குடல் நின்றுபோகும் ஆபத்து! பல்லோ ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். கேரட் கொடுத்துக் கொஞ்சுவது சினிமாவோடு போகட்டும்.

சமையலறை ஓரம் லவ் பேர்ட்ஸ் கூண்டு இருக்கிறதா? இன்றைக்கே இடத்தை மாற்றுங்கள்! அடுப்பில் மறந்து வைத்த நான்-ஸ்டிக் தவா அளவு மீறிச் சூடேறினால் வரும் புகை பறவைகளை நிமிடங்களில் கொன்றுவிடும். அதே அறையில் நிற்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓயாமல் ஓடுகிறது, நல்லதையும் கெட்டதையும் நம்மைவிட வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது. பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம்.

ரத்தம் ஏற்றுவதில் நம்மை முந்தியது நாய்தான், தெரியுமா? 1660-களில் ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் லோயர் என்ற மருத்துவர் ஒரு நாயின் ரத்தத்தை இன்னொரு நாய்க்குச் செலுத்திப் பிழைக்கவைத்தார். இன்று சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கென்றே ரத்த வங்கி இருக்கிறது. உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்துப்போய் வரும் நாய்களுக்கு அதன் அருமை தெரியும். நாய்க்கு முதல் தடவை ஏற்றும்போது வகை மாறினாலும் பெரும்பாலும் தப்பிவிடும். பூனையிடம் அந்த விளையாட்டே கூடாது! பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து.

கடைசியாக, மாடியிலிருந்து விழும் பூனை. நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு உயரத்திலிருந்து விழுந்து வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஓர் ஆய்வு வெளியானது. நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன! ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்கு அடி குறைவு என்றும் அதில் இருந்தது. கேட்க அதிசயம்தான், எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீராது: விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவார்கள்? அது கணக்கிலேயே சேராதே! பால்கனியில் புறாவுக்குக் கட்டிய வலை உங்கள் பூனையின் எடையைத் தாங்குமா என்று ஒருதரம் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.