குறித்த நாள்

நோய்க்கு மருந்து உண்டு. அதனை அளிக்க மருத்துவரும் உண்டு. ஆயினும், நோயாளி குறித்த நாளில் மருத்துவ நிலையத்திற்குச் செல்லாவிடின் இவை இருந்தும் பயனில்லை. இவ்வுண்மையைக் காசநோய் நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

காசநோய்க் கிருமிகள் விரைவில் அழிவன அல்ல. இக்காலத்தில் பெரும்பாலோர் ஆறு திங்கள் மருந்துண்ண வேண்டும். ஆனால், சில வாரங்களிலேயே இருமல் தணிகின்றது, பசி எடுக்கின்றது. நோய் நீங்கிற்றென்று எண்ணிச் சிலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகுகின்றன; மருந்துக்கு அடங்காத தன்மையையும் அவை பெற்றுவிடக்கூடும். அத்தகைய கிருமி பிறரைத் தொற்றின், அவர்க்கும் அம்மருந்து உதவாது.

முற்காலத்தில் காசநோயாளரை மருத்துவமனையில் நெடுநாள் தங்கவைப்பதே வழக்கம். நோயாளர் பலர், படுக்கைகளோ சில. ஆகவே, 1956-ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பெற்றது. நோயாளருள் ஒரு சாரார் மருத்துவமனையிலும், மற்றொரு சாரார் தம் வீட்டிலும் ஓராண்டு மருந்துண்டனர். வீட்டிலிருந்தோர் நெருக்கடியான இல்லங்களில் வாழ்ந்த ஏழைகள். எனினும், அவர்களும் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே நலம்பெற்றனர். இம்முடிவு 1959-இல் வெளியாயிற்று. ஆயின், வீட்டிலிருப்போர் மருந்தைத் தவறாது உண்கின்றனரா? இதனை அறியப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

பின்னர், திருவள்ளூர் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த ஆய்வொன்று, மருந்தை இடையில் விட்டோர் யாவர் என ஆராய்ந்தது. ஆடவர், குடிப்பழக்கமுடையோர், முன்னரே ஒருமுறை காசநோய் மருந்துண்டோர், மருந்தை ஒழுங்காக உண்ணாதோர் ஆகியோரே மிகுதியாக இடையில் நின்றுவிட்டனர்.

எல்லாப் பிழையும் நோயாளருடையதன்று. அம்மாவட்டத்து ஆர்.கே.பேட்டைப் பகுதியில் நெசவுத் தொழிலாளர் பலர் வாழ்கின்றனர். நெய்த அளவிற்குக் கூலி பெறும் ஒருவர், அரைநாள் காத்திருந்தால் அரைநாட் கூலியை இழப்பார். ஒரு மருத்துவர் ஒருவரைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும் எனக் கொள்வோம். அறுபதின்மர் ஒரே வேளையில் வந்தால், இறுதியில் நிற்பவர் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் காத்திருப்பார். நூறு நிமிடத்திற்கு இருபதின்மராக வரச்சொன்னால், எவரும் நூறு நிமிடத்திற்குமேல் காத்திரார். மருத்துவரும் அவரே, நோயாளரும் அவர்களே, காலத்தைப் பகுத்ததே வேறுபாடு.

மருந்தே நோயாளரை நாடிச் செல்வது மற்றொரு வழி. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. இதன்படி நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையோர்க்கு வீட்டிலேயே மருந்துகள் வழங்கப்படுகின்றன.

நம் வீட்டிலும் அண்டையிலும் எழுத்தறியாத முதியோர் இருக்கக்கூடும். அவர்களுடைய மருத்துவச் சீட்டைப் படித்து, குறித்த நாளை முதல்நாளே நினைவூட்டுவது மாணவர்க்கு இயலாத செயலன்று. அச்சிறு சொல் ஓர் உயிரையும் காக்கும்.