பிராகுயி மொழி

பிராகுயி மொழி என்பது பாகிஸ்தானின் பலுச்சிஸ்தான் மாகாணத்தில் பேசப்படும் திராவிட மொழியாகும். தென்னிந்தியாவிலிருந்து மிகத் தொலைவில், ஈரானிய மொழிகளால் சூழப்பட்ட பகுதியில் இது வழங்கி வருகிறது. திராவிட மொழி பேசியோரின் பழங்கால வரலாற்றை ஆராய்வோர் அனைவரும் இம்மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது.

பேசப்படும் பகுதிகள்

கலாத், குஸ்தார், மஸ்துங், கோயெட்டா ஆகிய பகுதிகளில் பிராகுயி மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். சிந்து மாகாணத்திலும் தெற்கு ஆப்கானிஸ்தானிலும் இம்மொழி பேசுவோர் உள்ளனர். ஈரானிலும் துருக்மெனிஸ்தானிலும் சிறு குழுக்கள் உள்ளன. பாகிஸ்தானில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இம்மொழியைப் பேசுகின்றனர்.

மொழிக் குடும்பம்

பிராகுயி, குடுக்கு, மால்தோ ஆகிய மூன்றும் வட திராவிட மொழிகள் என வகைப்படுத்தப்படுகின்றன. குடுக்கு ஜார்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளில் பேசப்படுகிறது. அதாவது பிராகுயியின் நெருங்கிய உறவு மொழி 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

பிராகுயிக்கும் திராவிட மொழிகளுக்கும் உள்ள உறவை 19ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்டியன் லாசன், கால்டுவெல் ஆகியோர் எடுத்துக்காட்டினர். பிரித்தானிய அதிகாரி டெனிஸ் பிரே எழுதிய பிராகுயி இலக்கணம் 1909இல் வெளிவந்தது. 1962இல் எமனோ வெளியிட்ட ஒப்பிலக்கண நூல் இவ்வுறவை மேலும் உறுதிப்படுத்தியது.

தமிழோடு உள்ள ஒற்றுமைகள்

அடிப்படைச் சொற்களில் ஒற்றுமையை எளிதில் காணலாம். (கீழே ‘ஃக’ என்பது தொண்டையில் உரசி எழும் ககர ஒலியைக் குறிக்கிறது.)

- நீ – நீ
- கண் – ஃகன்
- கல் – ஃகல்
- நீர் – தீர்
- வாய் – பா
- செவி – ஃகஃப்

கடைசிச் சொல் தனியே கவனிக்கத்தக்கது. தமிழில் ‘செவி’ எனச் சகரத்தில் தொடங்கும் சொல் கன்னடத்தில் ‘கிவி’ என வழங்குகிறது. பிராகுயியிலும் ககர இன ஒலியே உள்ளது. எனவே இச்சொல்லின் மூல வடிவம் ககரத்தில் தொடங்கியது என்றும், தமிழில் அது பின்னர் சகரமாக மாறியது என்றும் அறிய முடிகிறது. தமிழின் பழைய நிலையை விளங்கிக்கொள்ளவும் பிராகுயி உதவுகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இலக்கணத்திலும் உறவு தெரிகிறது. பிராகுயியில் பன்மை ‘க்’ விகுதியால் அமையும். ‘ஃகல்’ என்பதன் பன்மை ‘ஃகல்க்’. வினைச்சொல்லுக்குள்ளேயே எதிர்மறை உருபு சேரும் திராவிட இயல்பும் இம்மொழியில் உண்டு.

பிற மொழிகளின் தாக்கம்

பிராகுயி மக்கள் பல நூற்றாண்டுகளாகப் பலூச்சி மக்களோடு கலந்து வாழ்கின்றனர். இரு மொழியும் அறிந்தோர் பலர். கலாத் அரசின் கான்கள் பிராகுயி வழியினர் எனினும், அரசவையில் பாரசீகமே வழங்கியது. இதனால் பலூச்சி, பாரசீகம், அரபு, சிந்தி, உருது ஆகிய மொழிகளின் சொற்கள் பெருமளவில் கலந்துள்ளன. திராவிடச் சொற்கள் இன்று ஒரு சிறு பகுதியே.

எண்ணுப்பெயர்கள் இதைத் தெளிவாகக் காட்டும். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றுக்கு ‘அசிட்’, ‘இரட்’, ‘முசிட்’ என்னும் திராவிடச் சொற்கள் உள்ளன. நான்கு முதல் ஈரானியச் சொற்களே வழங்குகின்றன. ஒலியமைப்பிலும் மாற்றம் உண்டு: எகர, ஒகரக் குறில்கள் மறைந்து, நெடில்கள் மட்டும் எஞ்சியுள்ளன.

தோற்றம் பற்றிய கருத்துகள்

இம்மொழி பலுச்சிஸ்தானுக்கு வந்தது எப்படி என்பதில் இரு கருத்துகள் உள்ளன. ஒரு காலத்தில் வடமேற்கு வரை பரவியிருந்த திராவிட மொழிகளின் எச்சமே பிராகுயி என்பது முதல் கருத்து. சிந்துவெளி மக்கள் திராவிட மொழி பேசினர் எனக் கருதுவோர் இதனைச் சான்றாகக் காட்டுவர்.

நடு இந்தியாவிலிருந்து பிற்காலத்தில் குடியேறியோரின் மொழி இது என்பது இரண்டாவது கருத்து. பிராகுயியில் உள்ள ஈரானியக் கடன்சொற்களில் பெரும்பாலானவை பலூச்சியிலிருந்து வந்தவை. பலூச்சியோ இப்பகுதிக்கு ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்த மொழி. பிராகுயி மிகப் பழங்காலம் முதல் அங்கேயே இருந்திருந்தால், அதற்கு முந்தைய ஈரானிய மொழிகளின் சொற்களும் அதில் இருக்க வேண்டும் என்பது இவர்களின் வாதம். இவ்விவாதம் இன்னும் முடிவுக்கு வரவில்லை. எனவே பிராகுயியை மட்டும் வைத்துச் சிந்துவெளி மொழியைத் தீர்மானிக்க இயலாது.

எழுத்தும் இன்றைய நிலையும்

பிராகுயி நெடுங்காலம் வாய்மொழியாகவே வழங்கியது. இன்று பாரசீக-அரபு எழுத்து முறையில் எழுதப்படுகிறது. அண்மைக் காலத்தில் ரோமன் எழுத்து முறை ஒன்றும் உருவாக்கப்பட்டுள்ளது. கோயெட்டாவில் உள்ள பலுச்சிஸ்தான் பல்கலைக்கழகத்தில் இம்மொழி கற்பிக்கப்படுகிறது. பிராகுயி அகாதமி நூல்களை வெளியிட்டு வருகிறது. கோயெட்டா வானொலியிலும் பிராகுயி நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாகின்றன.

ஆயினும் யுனெஸ்கோ இதனைப் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய மொழிகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளது. பேசுவோர் எண்ணிக்கை குறைவு என்பது இதற்குக் காரணம் அன்று. கல்வி, அலுவலகம், வணிகம் ஆகியவற்றில் உருதுவும் ஆங்கிலமும் முதன்மை பெறுகின்றன. அன்றாட வாழ்வில் பல இடங்களில் பலூச்சி அதன் இடத்தைப் பிடிக்கிறது. இவ்வாறு வீட்டுக்கு வெளியே ஒரு மொழியின் தேவை குறையும்போது, பெற்றோர் அதனைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதும் குறைகிறது. தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்வி எந்த அளவுக்கு நடைமுறைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தே பிராகுயியின் எதிர்காலம் பெரிதும் அமையும்.