மச்சங்கள் பல இருந்தால் அஞ்ச வேண்டுமா?

பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் எழுதும் நாளில் ஆசிரியர் நம்மை அருகில் அழைத்து, உடலில் மச்சம் எங்கே இருக்கிறது என்று தேடியது பலருக்கு நினைவிருக்கும். ‘வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு மச்சம்’ என இரண்டு அங்க அடையாளங்கள் எழுதப்படும். அன்று அடையாளமாக இருந்த அதே மச்சம், நடுத்தர வயதில் சிலருக்கு அச்சமாக மாறிவிடுகிறது. “உடம்பெல்லாம் மச்சமாக இருக்கிறது, இது புற்றுநோயாகுமா?” என்று கேட்டபடி எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோர் பலர். அவர்களுக்கு நாங்கள் நேரில் சொல்லும் விளக்கத்தையே இங்கு சற்று விரிவாகத் தருகிறோம்.

மச்சம் என்பது என்ன?

நம் தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் மெலனோசைட் எனப்படும் நிறமி உயிரணுக்கள் பரவலாக அமைந்துள்ளன. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருளை இவையே உண்டாக்குகின்றன. இவை ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் அவ்விடம் கரும்புள்ளியாகத் தெரியும். அதுவே மச்சம்.

பிறக்கும்போதே மச்சத்துடன் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே உள்ளனர். பெரும்பாலான மச்சங்கள் குழந்தைப் பருவத்திலிருந்து முப்பது, நாற்பது வயது வரை ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. தொடக்கத்தில் தட்டையாக இருப்பவை, ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்ல மேலெழும்பி, நிறம் வெளுத்து, முதுமையில் சில மறைந்தும் போகும். மச்சத்தில் முடி முளைப்பது கெடுதியின் அறிகுறி அன்று. எத்தனை மச்சங்கள் வரும் என்பதைப் பெரிதும் பரம்பரையும், ஓரளவு இளமையில் தோலில் பட்ட வெயிலும் தீர்மானிக்கின்றன.

கரும்புள்ளிகள் எல்லாம் மச்சங்களா?

மச்சங்கள் நிறைய உள்ளன என்று வருவோரைப் பரிசோதிக்கும்போது, அவற்றுள் பல மச்சங்களே அல்ல என்பதைக் காண்கிறோம். கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் கடுகு தூவியதுபோல் தோன்றும் சிறு கரும்பருக்கள், மாநிறத் தோலினரிடையே மிகப் பரவலாகக் காணப்படும் ஒரு தோல் வளர்ச்சியாகும். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும். இவை புற்றுநோயாக மாறுவதில்லை. வயதானவர்களின் முதுகிலும் மார்பிலும் மெழுகு ஒட்டவைத்தாற்போல் தோன்றும் கருந்தடிப்புகளும் பெரும்பாலும் தீங்கற்றவையே.

கழுத்திலும் அக்குளிலும் சிறு காம்புடன் தொங்கும் மருக்களும் புற்றுநோய் சார்ந்தவை அல்ல. ஆனால், அவை மிகுதியாக இருந்து, கழுத்துத் தோலும் கறுத்துத் தடித்திருந்தால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதை இந்தத் தோல் மாற்றம் பல நேரங்களில் முன்கூட்டியே உணர்த்துகிறது.

எண்ணிக்கை எதைச் சொல்கிறது?

நிறமி உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோயை மெலனோமா என்கிறோம். மச்சங்கள் மிகுந்தோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மையே. நூற்றுக்கு மேல் மச்சம் உள்ளவர்களுக்கு, பதினைந்துக்கும் குறைவாக உள்ளவர்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் கணித்துள்ளன. ‘ஏழு மடங்கு’ என்ற சொல்லே உறக்கத்தைக் கெடுத்துவிடும். ஆகவே அதன் பொருளை நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவதாக, அந்தக் கணக்கு பெரும்பாலும் வெண்ணிறத் தோலினரிடையே எடுக்கப்பட்டது. நமக்கு அப்படியே பொருந்தாது. இரண்டாவதாக, எதன் ஏழு மடங்கு என்று கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு மெலனோமா கண்டறியப்படுகிறது. இந்தியாவில் அது லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவையும் எட்டுவதில்லை. மிகச் சிறிய ஒன்று ஏழு மடங்கானாலும் அது சிறியதாகவே இருக்கும்.

மூன்றாவதாக, மெலனோமாக்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று மட்டுமே ஏற்கெனவே உள்ள மச்சத்திலிருந்து தோன்றுகின்றன. மற்றவை மச்சமே இல்லாத தோலில் புதிதாக வருகின்றன. எனவே, எல்லா மச்சங்களையும் அகற்றிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ணுவது சரியன்று. மச்சம் மிகுதியாக இருப்பது, ‘உன் தோலைக் கவனித்து வா’ என்று சொல்லும் குறிப்பு; அவ்வளவே.

எனினும் சிலர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் எவருக்கேனும் மெலனோமா வந்தவர்கள், சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்கள், பிறவியிலேயே மிகப் பெரிய மச்சம் உடைய குழந்தைகள் ஆகியோரைத் தோல் மருத்துவர் தொடர்ந்து பார்த்துவருவது நல்லது.

எந்த மச்சத்தைக் காட்ட வேண்டும்?

நியூயார்க் நகரத் தோல் மருத்துவர்கள் 1985இல் நான்கு அடையாளங்களை வகுத்தனர். 2004இல் ஐந்தாவது சேர்க்கப்பட்டது. இன்றும் உலகெங்கும் பயன்படுபவை இவையே:

1. வடிவம்: நடுவில் கோடு போட்டதாக எண்ணிப் பார்த்தால் ஒரு பாதி மறு பாதியை ஒத்திராமை.
2. விளிம்பு: ஓரம் தெளிவின்றிக் கலைந்தோ, பிய்ந்தாற்போலோ இருத்தல்.
3. நிறம்: ஒரே மச்சத்தில் கருமை, பழுப்பு, சிவப்பு, நீலம், வெண்மை எனப் பல நிறங்கள் கலந்திருத்தல்.
4. அளவு: குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தல்.
5. மாற்றம்: சில வாரங்களில் அல்லது மாதங்களில் அளவு, நிறம், வடிவம் மாறுதல், அரிப்பு, இரத்தக் கசிவு, ஆறாத புண் தோன்றுதல்.

இவற்றுள் ஒன்று இருந்தாலே புற்றுநோய் என்று முடிவு செய்துவிட வேண்டாம். பல்லாண்டுகளாக மாறாமல் இருக்கும் பெரிய மச்சம் பெரும்பாலும் தீங்கற்றதே. ஐந்தில் நாங்கள் முதன்மையாகக் கருதுவது மாற்றத்தைத்தான். மச்சங்கள் பல உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஒருவருடைய மச்சங்கள் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் போல ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்தச் சாயலில் சேராமல் தனித்துத் தெரியும் மச்சம் எதுவோ, அதைக் காட்ட வேண்டும்.

நாம் பார்க்க மறக்கும் இடம்

முதுகு நிறைய மச்சங்களுடன் ஒரு பெண்மணி தம் கணவரோடு எங்களிடம் வந்திருந்தார். பல இரவுகள் உறங்கவில்லை என்றார். உருப்பெருக்கிக் கருவியால் ஒவ்வொன்றாகப் பார்த்தோம், அனைத்தும் தீங்கற்றவை. புறப்படும் வேளையில் அவர் கணவர் தயக்கத்துடன், “எனக்குக் குதிகாலில் ஆணி, ஒன்றரை ஆண்டாக மருந்துக் கடைப் பட்டையை ஒட்டியும் போகவில்லை” என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னோம். தடித்த தோலுக்கு நடுவே ஒழுங்கற்ற கரும்படலம் ஒன்று பரவியிருந்தது. திசுப் பரிசோதனையில் மெலனோமா என்று உறுதியாயிற்று. அறுவை சிகிச்சை செய்து அதை அகற்றினோம். தொடையிடுக்கின் நிணநீர்க் கணுவுக்கு நோய் பரவவில்லை. இன்று அவர் முறையாக மறுபரிசோதனைக்கு வருகிறார். அவர் உடலில் மச்சம் என்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலினருக்கு மெலனோமா வருவது அரிது. வந்தாலோ, பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வருகிறது. வெயில் அதிகம் படாத இடங்கள் இவை. காலாணி என்றும், முள் குத்திய வடு என்றும், நகச்சுற்று என்றும், சர்க்கரை நோய்ப் புண் என்றும் கருதப்பட்டு மாதங்கள் கடந்துவிடுகின்றன. ஜமைக்கா நாட்டின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்கும் 1977இல் கால் பெருவிரல் நகத்தின் அடியிலேயே இந்நோய் கண்டறியப்பட்டது. 1981இல் தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார்.

நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது நம்மவரிடையே இயல்பு. பல நகங்களில் இருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டா. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே போகும் கோடும், நகத்தைக் கடந்து அருகிலுள்ள தோலுக்கும் பரவும் கருமையும் உடனே காட்டத்தக்கவை. அடிபட்டு உறைந்த இரத்தமாயின், நகம் வளர வளர அது நுனியை நோக்கி நகர்ந்து மறையும். நகராமல் நிற்குமாயின் மருத்துவரைக் காண வேண்டும்.

செய்யக் கூடாதவை

சுண்ணாம்பு, எருக்கம்பால், முந்திரிக்கொட்டை எண்ணெய் ஆகியவற்றை மச்சத்தின்மேல் வைத்துப் பொசுக்குவது இன்றும் நடக்கிறது. நூலால் இறுகக் கட்டுவோரும் உண்டு. புண்ணும் தழும்பும் இவற்றால் விளையும் சிறு தீமைகள். பெருந்தீமை வேறு: மேற்பகுதி கருகி உதிர்ந்தபின் அடியில் நோய் எஞ்சியிருந்தால், அதைக் கண்டறியும் சான்று அழிந்துபோகிறது. அழகு நிலையங்களில் மச்சத்தைச் சுட்டு எடுப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அழகுக்காக அகற்ற விரும்பினால், முதலில் தோல் மருத்துவர் அதைப் பார்த்து, தீங்கற்றது என உறுதி செய்யட்டும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

டெர்மோஸ்கோப் என்ற சிறு கருவியைத் தோலின்மீது வைத்து மச்சத்தின் உள்ளமைப்பைப் பார்ப்போம். இதில் வலி இல்லை, ஊசி இல்லை. பெரும்பாலோர்க்கு இதோடு முடிந்துவிடும். ஐயம் எழுந்தால், அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, பெரும்பாலும் மச்சத்தை முழுமையாகவே வெட்டியெடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவோம். அன்றே வீடு திரும்பலாம்.

‘கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்’ என்று அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்ப்போர் உள்ளனர். இதற்கு ஆதாரம் இல்லை. உயிரைக் காப்பதும் இழப்பதும் காலத்தைப் பொறுத்தே அமைகின்றன. மெலனோமா தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியுள்ளது என்பதே முக்கிய அளவுகோல். 1 மில்லிமீட்டருக்குள் இருக்கையிலேயே அகற்றப்பட்டால், பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். ஆழம் கூடக் கூட அந்த நம்பிக்கை குறைகிறது.

மாதம் ஒரு முறை

அன்றாடம் கண்ணாடிமுன் நின்று மச்சங்களை எண்ணுவது கவலையை வளர்க்குமேயன்றிப் பயன் தராது. மாதம் ஒரு நாள், குளித்தபின் நல்ல வெளிச்சத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். முகம், கழுத்து, கைகள், உடல், கால்கள் என்று தொடங்கி, உள்ளங்கை, உள்ளங்கால், விரலிடுக்கு, நகங்கள் என முடியுங்கள். முதுகையும் பின்கழுத்தையும் வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். தலையில் உள்ளவற்றை முடி திருத்துபவர் எளிதில் காண்பார். ஐயமுள்ள மச்சத்தின் அருகில் ஓர் அளவுகோலை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் எடுத்து ஒப்பிடலாம். ஆனால், ஏற்கெனவே விரைந்து மாறிவரும் மச்சத்துக்கு இந்தக் காத்திருப்பு கூடாது.

முதியோரையும் சர்க்கரை நோயாளிகளையும் கவனித்துக்கொள்ளும் உறவினருக்கு ஒரு வேண்டுகோள். அவர்களால் குனிந்து தம் பாதத்தைப் பார்க்க இயலாது; பார்வையும் மங்கியிருக்கும். கால் கழுவித் துடைக்கும்போது உள்ளங்காலை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். பழைய மச்சங்களைப் பற்றிய கவலையைச் சற்றே இறக்கி வைத்துவிட்டு, புதிதாய் வந்ததையும் மாறி வருவதையும் எங்களிடம் கொண்டு வாருங்கள். பத்தில் ஒன்பது முறை, “ஒன்றும் இல்லை, நிம்மதியாகப் போய் வாருங்கள்” என்றே நாங்கள் சொல்ல நேரும். அதைச் சொல்வதற்கு நாங்கள் ஒருபோதும் சலித்துக்கொள்வதில்லை.