மெத்தை வாங்கும்போதே குப்பைக்கும் காசு

ஒரு மெத்தையைக் குப்பைக் கிடங்கில் புதைப்பது லேசான காரியம் இல்லை. குப்பையை நசுக்கும் கனரக வண்டி ஏறி இறங்கிய பிறகும் அது மறுபடி நிமிர்ந்துகொள்கிறது. கிழிந்த துணி வழியாக ஸ்பிரிங் கம்பி பிதுங்கி வண்டியின் அச்சில் சுற்றிக்கொண்டால், வேலையை நிறுத்திவிட்டு ஆள் இறங்கி வெட்டி எடுக்க வேண்டும். அமெரிக்காவில் நாளொன்றுக்கு 50,000-க்கும் மேற்பட்ட மெத்தைகள் கழித்துப் போடப்படுகின்றன என்பது அந்நாட்டு மெத்தைத் துறையே சொல்லும் கணக்கு. இத்தனைக்கும், அவற்றில் இருக்கும் பொருளில் முக்கால் பங்கு திரும்பப் பயன்படக்கூடியது. இரும்பு, ஃபோம், பஞ்சு, மரச்சட்டம் எல்லாவற்றுக்கும் வாங்க ஆள் இருக்கிறது.

அப்படியென்றால் ஏன் மண்ணுக்குள் போயின? பிரித்தெடுக்கும் கூலி, பிரித்த பொருளை விற்று வரும் பணத்தைவிட அதிகம். அந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது என்பதுதான் பல ஆண்டுகளாகத் தீராமல் கிடந்த கேள்வி. கழிக்க வருகிறவரிடம் கட்டணம் கேட்டுப் பார்த்தார்கள். கேட்ட ஊர்களில் மெத்தை ராத்திரியோடு ராத்திரியாகத் தெருமுனைக்கும், ரயில் பாதை ஓரத்துக்கும், காலி மனைக்கும் போய்ச் சேர்ந்தது. அதைத் தூக்கிச் சுமக்கும் செலவு நகராட்சியின் தலையில் விழுந்தது. பெரும்பாலும் ஏழைகள் வாழும் பகுதிகளில்தான் இப்படிக் கொட்டுவார்கள். கழித்தவர் ஒருவர், அதன் நாற்றத்தோடு வாழ்ந்தவர் வேறொருவர்.

2013-இல் கனெடிகட், ரோட் ஐலண்ட், கலிபோர்னியா ஆகிய மூன்று மாநிலங்கள் இதற்குச் சட்டம் இயற்றின. முந்திக்கொண்டது கனெடிகட். அங்கே 2015 மே மாதம் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியாவில் 2015 டிசம்பர் 30, ரோட் ஐலண்டில் 2016 மே. மூன்று சட்டங்களின் உயிர்நாடியும் ஒன்றே: காசு வாங்கும் நேரத்தை மாற்றியது. பழையதைக் கழிக்கும்போது கேட்காமல், புதியதை வாங்கும்போதே வசூலித்துவிடுவது. கனெடிகட்டில் தொடக்கத்தில் உருப்படிக்கு 9 டாலர், கலிபோர்னியாவில் 11 டாலர். மெத்தைக்கு ஒன்று, அதன் கீழே தாங்கும் ஸ்பிரிங் பெட்டிக்கு இன்னொன்று. பில்லில் தனி வரியாக அது தெரியும். இணையத்தில் விற்பவரும், வேறு மாநிலத்திலிருந்து அனுப்புகிறவரும்கூட வசூலித்தே ஆக வேண்டும்.

என் பார்வையில் சட்டத்தின் புத்திசாலித்தனம் முழுதும் இதில் இருக்கிறது. ஆயிரம் டாலர் மெத்தை வாங்குகிறவருக்கு 11 டாலர் உறுத்தாது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறவரிடம் அதே 11 டாலரைக் கேட்டால், அவர் இருட்டும்வரை காத்திருப்பார். மனிதர்களைத் திருத்த முயலாமல் பணம் கைமாறும் இடத்தை மட்டும் இந்தச் சட்டம் நகர்த்தியது.

சேர்ந்த பணத்தைக் கையாள்வது அரசு இல்லை. உற்பத்தியாளர் சங்கம் அமைத்த ‘மேட்ரஸ் ரீசைக்ளிங் கவுன்சில்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதை நிர்வகிக்கிறது. சேகரிப்பு மையங்களை நடத்துவது, லாரி அனுப்புவது, மறுசுழற்சி ஆலைகளுக்குப் பணம் கொடுப்பது எல்லாம் அதன் வேலை. கலிபோர்னியாவில் அரசுத் துறையான ‘கால்ரீசைக்கிள்’ மேலே நின்று பார்க்கிறது. திட்டமும் பட்ஜெட்டும் அதன் ஒப்புதலுக்கு வர வேண்டும். ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். புது மெத்தை கொண்டுவந்து இறக்கும் கடைக்காரர், கேட்டால் பழையதைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் எடுத்துச் செல்ல முன்வர வேண்டும் என்பதும் அங்கே சட்டம். தானே ஆலைக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவருக்கு உருப்படிக்கு 3 டாலர் வரை கொடுத்தும் ஊக்கப்படுத்தினார்கள்.

ஆலைக்குள் நடப்பதையும் பார்த்துவிட வேண்டும், சட்டத்தின் பலமும் பலவீனமும் அங்கேதான் தெரிகின்றன. மெத்தையை மேசைமேல் கிடத்தி, ஓரத்தில் ஓடும் நாடாத் தையலை வளைந்த கத்தியால் சுற்றிலும் அறுக்கிறார்கள். மேலுறை தோல் உரிவதுபோல் உரிந்து வருகிறது. அடியில் பஞ்சு அடுக்கு, அதற்கும் அடியில் ஃபோம். ஒவ்வொன்றும் தனிக் குவியலுக்குப் போகிறது. கடைசியில் மிஞ்சும் ஸ்பிரிங் கூட்டை இயந்திரத்தில் அழுத்திக் கட்டாக்கி, இரும்பு உருக்கும் ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஃபோம் துண்டு துண்டாக்கப்பட்டு, கார்ப்பெட்டுக்கு அடியில் போடும் விரிப்பாகிறது. மரம் சீவலாகித் தோட்டத்துக்குப் போகிறது. பழக்கப்பட்ட கை சில நிமிடங்களில் ஒன்றைப் பிரித்துவிடும். இன்றும் இது பெரும்பாலும் கைவேலைதான்.

கைவேலை என்பதால்தான் இது வேலைவாய்ப்பாகவும் ஆனது. கனெடிகட்டின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ‘பார்க் சிட்டி கிரீன்’ என்ற தொண்டு நிறுவனம், சிறையிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் இருந்தவர்களை அமர்த்திக்கொண்டது. ஓரிகனின் யூஜீன் நகரைச் சேர்ந்த செயின்ட் வின்சென்ட் டி பால் தொண்டு சங்கம், சட்டங்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே மெத்தை பிரித்துவந்தது.  இத்தகைய ஆலைகளுக்கு நிலையான வருமானம் என்பதைக் கொடுத்தது சட்டம். இந்த மாநிலங்களில் இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட மெத்தைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் குறை, மழையில் நனைந்ததையும் மூட்டைப்பூச்சி ஏறியதையும் இந்தத் திட்டம் ஏற்பதில்லை. பிரிக்கிறவரின் உடல்நலம் கருதி வைத்த விதி அது, நியாயமும்கூட. ஆனால் தெருவில் கொட்டப்படும் மெத்தை ஓர் இரவிலேயே நனைந்துவிடும். மூட்டைப்பூச்சியால் அவதிப்படுகிறவர்களில் ஏழைக் குடித்தனக்காரர்கள்தான் அதிகம், அவர்களுக்கோ மெத்தையைக் கழிக்க வேறு வழியும் தெரியாது. தெருவில் கொட்டப்பட்டதை அள்ளும் நகராட்சிகளுக்குக் கலிபோர்னியாவில் இந்த நிதியிலிருந்தே ஈட்டுத்தொகை தருகிறார்கள். அது ஆறுதல்தான், முழுத் தீர்வாகவில்லை.

இரண்டாவது, இன்னும் ஆழமானது. எல்லா மெத்தைக்கும் ஒரே கட்டணம். இன்று சந்தையில் அதிகம் விற்கும் ரகங்களில் ஒன்று ‘பாக்கெட் ஸ்பிரிங்’. நூற்றுக்கணக்கான ஸ்பிரிங்குகளில் ஒவ்வொன்றும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கும், பைகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கும். படுக்கிறவருக்குச் சுகம், பிரிக்கிறவருக்குத் தண்டனை. துணியோடு போட்டால் இரும்பு வியாபாரி விலையைக் குறைக்கிறார். துணியை உரிக்க உட்கார்ந்தால் கூலி கட்டுப்படியாகாது. சுலபமாகப் பிரியும்படி மெத்தை செய்கிற நிறுவனமும், இப்படிப் பசை போட்டு இறுக்குகிற நிறுவனமும் ஒரே தொகையையே கட்டுகின்றன. அதையும் வாங்குகிறவர்தான் கொடுக்கிறார். வடிவமைப்பை மாற்ற எந்த நிறுவனத்துக்கு அவசரம் வரும்? கட்டணம் மட்டும் ஏறியிருக்கிறது. நான்காவதாக 2022-இல் சட்டம் இயற்றி 2025 ஜனவரியில் திட்டத்தைத் தொடங்கிய ஓரிகனில் தொடக்கத்திலேயே அது 22.50 டாலர்.

ஐரோப்பா இதில் ஓரடி முன்னால் நிற்கிறது. மரச்சாமான் எல்லாவற்றின் கழிவுக்கும் உற்பத்தியாளரே பொறுப்பு என்ற விதியில் மெத்தையையும் சேர்த்த பிரான்ஸ், பொருளின் தன்மைக்கேற்பக் கட்டணத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையைக் கையாள்கிறது. பெல்ஜியம் 2021-இலும், நெதர்லாந்து 2022-இலும் மெத்தைக்கென்றே இந்தப் பொறுப்பைக் கொண்டுவந்தன. அமெரிக்க மாநிலங்கள் அடுத்து எடுக்க வேண்டிய படி இதுதான் என்பேன்: பிரிக்கக் கடினமான மெத்தைக்குக் கட்டணம் கூட வேண்டும், அந்தக் கூடுதலைத் தயாரிப்பாளர் சுமக்க வேண்டும்.

நம் ஊருக்கும் இது தூரத்துச் சங்கதி இல்லை. இலவம்பஞ்சு மெத்தை இருந்தவரை, பஞ்சைப் பிரித்து அடித்து வெயிலில் காயவைத்து, புது உறையில் திணித்தால் மறுபடி பத்து வருஷம் ஓடியது. இன்று கடைகளில் விற்பது பெரும்பாலும் ஃபோமும், ரப்பர் கலந்த தென்னை நாரும், ஸ்பிரிங்கும். அவற்றை அடித்துச் சரிசெய்ய முடியாது. 2025-இல் சென்னை மாநகராட்சி, பழைய சோபா, மெத்தை போன்றவற்றைச் சனிக்கிழமைகளில் வீடு தேடி வந்து எடுத்துச்செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியது. நல்ல தொடக்கம், வரவேற்கிறேன். ஆனால் லாரிக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு நம் வரிப்பணம். பிளாஸ்டிக் உறைக்கும், மின்னணுக் கழிவுக்கும், பேட்டரிக்கும், டயருக்கும் உற்பத்தியாளரைப் பொறுப்பாளியாக்கி மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் மெத்தை இல்லை. சேர்க்கும்போது கலிபோர்னியாவின் ஒரே கட்டண முறையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தென்னை நாருக்கு ஒரு விகிதம், ஒட்டிய ஸ்பிரிங்குக்கு வேறு விகிதம் என்று முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும். திட்டம் ஓடத் தொடங்கிய பிறகு முறையை மாற்றுவது கடினம்.