உங்களுக்குத் தெரியுமா? மூன்று கடிதங்களால் சோதிக்கப்பெற்ற அரசாங்கங்கள்

இத்தாலியில் 1970-ஆம் ஆண்டு பிராந்திய அரசாங்கங்கள் நாடெங்கும் நிறுவப்பெற்றபோது, வடக்கிற்கும் தெற்கிற்கும் ஏறத்தாழ ஒரே விதமான அதிகாரங்கள் வழங்கப்பட்டிருந்தும், சில செவ்வனே இயங்கவும் சில ஸ்தம்பித்து நிற்கவும் நேர்ந்தது ஏன் என்பதை, அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம் தம் சகாக்களுடன் இருபதாண்டுக் காலம் ஆராய்ந்தார்.

அவ்வாராய்ச்சியில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த பகுதி, 1983-இல் அவர்கள் நடத்திய எளியதொரு பரீட்சையாகும். வெளிநாட்டில் நோயுற்றவர் வைத்தியச் செலவைத் திரும்பப் பெறுவது எப்படி, பள்ளிப் படிப்பை முடிக்கும் தம்பிக்குத் தொழிற்பயிற்சி எங்கே கிடைக்கும், புதிய பயிரைச் சோதித்துப் பார்க்க விரும்பும் விவசாய நண்பருக்குக் கடனுதவி உண்டா என்று, சாதாரணப் பிரஜைகள் கேட்பது போலவே ஒவ்வொரு பிராந்தியத்தின் காரியாலயங்களுக்கும் கடிதம் எழுதினார்கள். வடக்கிலுள்ள எமீலியா-ரொமாஞாவிலிருந்து இரண்டு கடிதங்களுக்கு ஒரு வாரத்திற்குள் விவரமான பதில் வந்தது; மூன்றாவதற்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமானதாயிற்று. தெற்கைச் சேர்ந்த கலாப்ரியா, கம்பானியா, சார்டீனியா ஆகியவற்றிலிருந்தோ கடிதத்திற்கு ஒரு பதிலும் இல்லை!

பாடற்குழுக்களும் விளையாட்டுச் சங்கங்களும் மலிந்த பிரதேசங்களிலேயே நிர்வாகம் சிறந்திருந்ததெனப் பட்னம் 1993-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். வடக்கிற்கும் தெற்கிற்கும் இடையிலான இவ்வேறுபாட்டின் வேரை வடக்கின் மத்தியகால நகரக் குடியரசுகள் வரை அவர் கொண்டுசென்றதைப் பலர் ஆட்சேபித்தனர். தென் இத்தாலியை நெடுங்காலம் ஆண்டவர்களின் பொறுப்பை அவ்வாதம் குறைத்துவிடுகிறது என்ற அவர்கள் கூற்று நியாயமானதென்றே எனக்கும் தோன்றுகிறது.